கட்டைக் கணக்கில் ஒரு ஜெர்மன் ஆல்பம்

‘கிராஃப்ட்வெர்க்’ என்றால் ஜெர்மன் மொழியில் மின் நிலையம். அவ்வளவுதான், வேறு மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்து, அதற்கு ‘தூத்துக்குடி அனல்மின் நிலையம்’ என்று பேர் வைத்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு பேர். டுஸ்ஸல்டோர்ஃப் நகரத்தின் இந்த நால்வர், ரால்ஃப் ஹியூட்டர், ஃப்ளோரியன் ஷ்னைடர், கார்ல் பார்ட்டோஸ், வோல்ஃப்காங் ஃப்ளூர், 1978 மே மாதம் ‘தி மேன்-மெஷின்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் தூத்துக்குடியில் நிஜமான மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கோவில்பட்டியில் உட்கார்ந்து இந்த ஆல்பத்தைக் கேட்கிறவனுக்கு, கரண்ட் என்ற இடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் இந்த இசையின் அடியில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. கரண்ட் போகாது என்ற நம்பிக்கை. ‘நியான் லைட்ஸ்’ கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷப் பாட்டு. ஒரு நகரம் ராத்திரியில் விளக்குகளால் மினுங்குகிறது, அதைத் தவிர அதில் வேறு சம்பவம் கிடையாது. கரிசல் இலக்கியத்தில் மின்சாரம் இப்படி வராது. இடைசெவல்காரர் கி. ராஜநாராயணனின் ‘கரண்ட்’ கதையை நினைத்துப் பாருங்கள், கே. ஹரிஹரன் அதை 1992-இல் ஹிந்திப் படமாகவும் எடுத்தார். அங்கே கரண்ட் என்பது சம்சாரி காத்துக் கிடக்கும் பொருள். வந்தால் மோட்டார் ஓடும், வராவிட்டால் பயிர் வாடும். 2012 வாக்கில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கும் இது புரியும், நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்த வருஷம் அது. மின்சாரத்தைப் பார்த்து வியக்கிற இசையும் மின்சாரத்துக்குக் காத்திருக்கிற கதையும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் வந்தவை.

‘தி மேன்-மெஷின்’ பற்றி இணையத்தில் எங்கே போய்ப் படித்தாலும் ஒரே பல்லவிதான். எதிர்காலத்தின் இசை, டெக்னோவுக்குத் தாய், ஹிப்-ஹாப்புக்குச் சித்தி. தப்பில்லை. ஆஃப்ரிக்கா பம்பாட்டா 1982-இல் ‘பிளானெட் ராக்’ செய்தபோது கிராஃப்ட்வெர்க்கிடமிருந்துதான் எடுத்தார். டெட்ராய்ட்டின் கறுப்பினப் பையன்கள் இவர்களைக் கேட்டுத்தான் டெக்னோவுக்கு வந்தார்கள். ஆனால் வம்சாவளி சொல்வது விமர்சனம் ஆகாது. யாருக்கு யார் தாத்தா என்று சொல்லி முடித்த பிறகும் அந்த ஆறு பாட்டுகள் அங்கேயே இருக்கின்றன, அவை எதைப் பற்றியவை என்று யாராவது கேட்க வேண்டும்.

என் காதில் இது வேலையைப் பற்றிய ஆல்பம்.

முதல் பாட்டு ‘தி ரோபோட்ஸ்’. ரோபோ என்ற சொல்லை 1920-இல் தன் நாடகத்தில் உலவவிட்டவர் செக் எழுத்தாளர் காரெல் சாபெக். செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்து தீர்க்க வேண்டிய கட்டாய உழைப்பு. நம்மிடமும் இதற்குச் சொல் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வரும், அதுவும் இதேதான். இன்றைக்கு வேலை வெட்டி இல்லாதவன் என்கிறோம், வெட்டியாகச் சுற்றுகிறான் என்றும் சொல்கிறோம். கூலி இல்லாத வேலையும் வேலையே இல்லாமையும் எப்படியோ ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அந்தப் பாட்டின் நடுவே ரஷ்ய மொழியில் ஒரு குரல் தன்னைப் பணியாளாக அறிமுகம் செய்துகொள்ளும்போது எனக்கு விண்வெளியோ எதிர்காலமோ ஞாபகம் வருவதில்லை, வெட்டியாள்தான் ஞாபகம் வருகிறான்.

மூன்றாவது பாட்டு ‘மெட்ரோபோலிஸ்’. ஃப்ரிட்ஸ் லாங்கின் 1927 படத்தில் பணக்காரர்கள் மேலே கோபுரங்களில் இருப்பார்கள், தொழிலாளிகள் பூமிக்கு அடியில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவார்கள். கிராஃப்ட்வெர்க் பாட்டில் அந்தப் பெயரைத் தவிர வேறு வார்த்தை கிடையாது. படத்திலிருந்து கோபுரத்தை எடுத்துக்கொண்டார்கள், அடித்தளத்தை விட்டுவிட்டார்கள். அட்டையில் நாலு பேரும் சிவப்புச் சட்டை, கறுப்பு டை, சிவப்பு உதட்டுச் சாயத்தோடு படியில் நிற்கிறார்கள். ரஷ்யப் புரட்சிக் கால ஓவியர் எல் லிஸிட்ஸ்கியின் பாணியில் கார்ல் க்ளெஃபிஷ் செய்த வடிவமைப்பு. தங்களை இவர்கள் ‘இசைத் தொழிலாளிகள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். ஃப்ளோரியன் ஷ்னைடரின் அப்பா கொலோன்-பான் விமான நிலையத்தை வடிவமைத்த பெரிய கட்டடக் கலைஞர். ‘கிளிங் கிளாங்’ ஸ்டூடியோ இவர்களுக்கே சொந்தம். எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்று சொல்ல மேஸ்திரி கிடையாது. இதை வைத்து இசையைத் தள்ளிவிட முடியாதுதான். ஆனாலும் விருப்பப்பட்டு இயந்திரம் ஆகிறவனையும் வேறு வழியில்லாமல் ஆகிறவனையும் ஒரே சட்டை போட்டு நிறுத்தும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

உறுத்தலுக்குக் காரணம் எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ். ஆமாம், ஆபீஸ்தான். இந்தப் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் மானம் பார்த்த பூமி கைவிட்ட வருஷங்களில் சனங்களுக்குச் சோறு போட்டது அதுதான், பெரும்பாலும் பெண்களின் கையால். அதில் ஒரு வேலை கட்டை அடுக்குவது. மரச் சட்டத்தில் வரிசையாகப் பள்ளம் வெட்டியிருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. வரிசை நிறைந்ததும் மேலே இன்னொரு சட்டம், மறுபடி குச்சி. ஒரு குச்சி இன்னொன்றைத் தொடக்கூடாது, தொட்டால் மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிக்கொள்ளும். பழகிய கை பார்க்காமலே அடுக்கும். கூலி, அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. மணிக்கணக்கோ நாள்கணக்கோ கிடையாது.

இந்தக் கணக்கை இசையாக யோசித்துப் பாருங்கள். கிராஃப்ட்வெர்க்கின் இசையை நடத்துவது சீக்வென்சர் என்கிற கருவி. சுரங்களை வரிசையாக உள்ளே போட்டுவிட்டால் அது ஒரே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவைக்கும், தாளம் இம்மி பிசகாது. தீப்பெட்டி ஆபீஸில் அந்தக் கருவி எதற்கு? கட்டைக் கூலிதான் சீக்வென்சர். வெள்ளிக்கிழமை வட்டி கட்ட வேண்டுமென்றால் வியாழக்கிழமை கை தானாக வேகம் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி 1920-களிலேயே இந்தியாவில் மிஷின் வைத்துத் தீப்பெட்டி செய்தது. அதன் முன்னால் எங்கள் பக்கத்துக் கைத்தொழில் தாக்குப்பிடித்ததற்கு ஒரு பெரிய காரணம், கையால் செய்த தீப்பெட்டிக்கு அரசாங்கம் குறைவாக விதித்த கலால் வரி. அதாவது இங்கே மனிதக் கை இயந்திரத்தோடு போட்டி போட்டு, மலிவு என்ற ஒரே தகுதியால் பல பத்தாண்டுகள் ஜெயித்தது. ‘மனித இயந்திரம்’ என்ற தலைப்பைப் பார்த்து எதிர்காலம் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம் இதுதான். எங்களுக்கு அது ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயம்.

இதெல்லாம் இசைக்கு வெளியே உள்ள சங்கதி, ஆல்பத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். சரி, இசைக்குள்ளேயே ஓர் இடம் காட்டுகிறேன்.

கட்டை அடுக்குகிற இடத்தில் கை மட்டும்தான் இயந்திரம். வாய் சும்மா இருக்காது. ஊர்ப் புறணி, முந்தின நாள் பார்த்த சினிமாக் கதை, மாமியார் வசவு, ரேடியோவோடு கூடவே ஒரு பாட்டு, எல்லாம் அந்த வேகத்துக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். கையை வேலைக்குக் கொடுத்தவர்கள் வாயைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ‘தி மேன்-மெஷின்’ ஆல்பத்தில் நடப்பது நேர் எதிர். அங்கே முதலில் இயந்திரத்துக்குள் போவது வாய்தான். வோகோடர் என்ற கருவி வழியாகக் குரலைச் செலுத்தி, மூச்சையும் நடுக்கத்தையும் எடுத்துவிட்டு, தகரத்தில் தட்டின மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். தலைப்புப் பாட்டில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கடுக்காக ஏறுகின்றன, குச்சி அடுக்குவது போலவே. யாருடைய குரல் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதனால்தான் ‘நியான் லைட்ஸ்’ அவ்வளவு மனசைத் தொடுகிறது. அந்தப் பாட்டில் ஹியூட்டர் மென்மையாக, கொஞ்சம் கூச்சத்தோடு, மனிதக் குரலில் பாடுகிறார். ஆல்பத்தின் சிகரம் அதுதான் என்பேன். ‘தி மாடல்’ பிரிட்டனில் 1982-இல் முதலிடம் பிடித்த பாட்டு, கச்சிதமானது, ஆனால் ஆல்பம் முழுக்க வருகிற ஒரே பெண் அதில்தான் வருகிறாள், அதுவும் மற்றவர்கள் பார்ப்பதற்காக. வேலையைப் பற்றிய ஆல்பத்தில் அவள் வேலையும் அதுவே. அதற்கு மேல் அவளைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இங்கிருந்து இந்தியாவுக்கு வந்தால், அதே நேரத்தில் வேறொருவர் இந்த வாய் விஷயத்தை எதிர்ப்பக்கமிருந்து கையாண்டிருக்கிறார். சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில், ஆர்.டி. பர்மன் உள்ளிட்டவர்களுக்கு, கிதாரும் பேஸ் கிதாரும் வாசித்தவர். ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டால் போவார், வாசிப்பார், கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். படத்தில் பெயர் வராது. நிஜமான இசைத் தொழிலாளி. 1982-இல் அவர் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்து, ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற ஆல்பத்தைத் தனியாளாகச் செய்தார். ஜுபிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303. ஹெச்எம்வி வெளியிட்டது. யாரும் வாங்கவில்லை. 2002-இல் டெல்லியில் பழைய இசைத்தட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்த எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் கையில் அது சிக்கியது. 2010-இல் மறுபடி வெளிவந்தது. உடனே உலகம் துள்ளிக் குதித்தது: ஷிகாகோவில் 1987-இல் வெளியான ‘ஆசிட் ஹவுஸ்’ இசையை இந்தியர் ஒருவர் ஐந்து வருஷம் முன்னாலேயே செய்துவிட்டாராம்!

மறுபடியும் வம்சாவளி. நம் ஆட்களுக்கும் இதில் பெருமை. அவன் செய்வதற்கு முன்னாலேயே நாங்கள் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்டது, புஷ்பக விமானம் மாதிரி. இந்தப் பாராட்டு அந்த ஆல்பத்தைக் கேட்க விடாமல் செய்கிறது என்பதுதான் என் வருத்தம்.

கேட்டால் என்ன கேட்கிறது? டிபி-303 தனியாக வாசிக்கிற கிதார்காரருக்குத் துணையாக, பேஸ் கிதார் ஆளில்லாத குறையைத் தீர்க்க ரோலண்ட் செய்த கருவி. பேஸ் கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு பேஸ் கிதார்க்காரரின் வேலையைப் பறிக்கச் செய்த பொருளை ஒரு பேஸ் கிதார்க்காரரே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், பாருங்கள். அதில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிப் போகும். மேலே ஜுபிட்டர்-8-இலும் அவர் சுரங்களைக் குத்தாமல் இழைத்து வாசிக்கிறார். வடக்கே மீண்ட் என்பார்கள், நாம் கமகத்தில் ஜாரு என்போம். ராகம் என்பது சுரப் பட்டியல் இல்லை, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. அந்தப் போகிற வழிக்குப் பெயர்தான் குரல். கிராஃப்ட்வெர்க் குரலைக் கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டு நேராக்கினார்கள் என்றால், சரண்ஜித் சிங் நேரான இயந்திரத்துக்கு வாய் வைக்கப் பார்த்தார்.

பத்து ராகமும் நமக்குத் தெரிந்தவையே, பெயர்தான் வேறு. பைரவ் நம் மாயாமாளவகௌளை. பூபாலி மோகனம், யமன் கல்யாணி, கலாவதி வலசி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், மதுவந்திக்குப் பக்கத்து உறவு தர்மவதி. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு கேட்டால், சினிமாப் பாட்டில் பழகிய காதுக்கு ஒன்றும் அந்நியமாக இருக்காது. எல்லாம் ஒரே தரமும் அல்ல. பூபாலி ஐந்தே சுரம், பீட்டுக்கு மேல் குழந்தை விளையாட்டு மாதிரி ஓடிவிடுகிறது. பைரவ் அப்படியில்லை. அதன் ரிஷபம் அசைய வேண்டிய இடத்தில் பீட் அவசரப்படுத்த, இரண்டுக்கும் நடுவே ஒரு இழுபறி. அந்த இழுபறிதான் இந்த ஆல்பத்தின் உயிர். பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் அலுப்புத் தட்டும், சும்மா சொல்லக்கூடாது. தாளம் எல்லாவற்றிலும் ஒன்றே, வேகமும் ஏறக்குறைய ஒன்றே. தபலாவை நிறுத்திவிட்டு டிஸ்கோ பீட்டில் ராகம் வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியதாகப் பின்னாளில் பேட்டியில் அவரே சொன்னார். அவர் சாதாரணமாகச் சொன்ன விஷயம் அது. ஆனால் தபலாவை நிறுத்தினால் தபலாக்காரர் எங்கே போவார்?

எங்கே போனார் என்று எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். கோவில்பட்டியில் நாகஸ்வரத்துக்குச் சிலை இருக்கிறது. காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அந்த நாகஸ்வரம் இவருடையது, 1964-இல் சின்ன வயசிலேயே இறந்துபோனார். நாகஸ்வரத்தில் சுரத்தைப் பிடிக்கிறது விரல் மட்டுமில்லை, சீவாளியைக் கவ்விய உதடும் மூச்சும்தான். முழுக்க வாயின் வாத்தியம். அந்த வாத்தியம் காலை மாலை பூஜைக்கு ஒலித்த எத்தனையோ கோயில்களில் இப்போது இருப்பது மோட்டார் வைத்த மேளம். ஒரு இரும்புச் சட்டத்தில் முரசு, சேகண்டி, மணி. ஸ்விட்ச் போட்டால் கம்பிகள் மாறி மாறித் தட்டும். தீபாராதனை முடிந்ததும் குருக்கள் ஸ்விட்சை அணைப்பார். தமிழ்நாட்டின் முதல் ரோபோ இசைக்குழு என்று அதைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் கிராஃப்ட்வெர்க் மேடையில் தங்கள் உருவத்தில் பொம்மைகளை நிறுத்தி ஆடவிட்டதைப் போலக் கிண்டலுக்காக அல்ல, சம்பளம் மிச்சம் என்பதற்காக. அந்த இயந்திரத்தில் மேளம் இருக்கிறது, நாகஸ்வரம் இல்லை. தட்டுவதை மோட்டாரிடம் கொடுக்க முடிந்தது, ஊதுவதைக் கொடுக்க முடியவில்லை, அதனால் ஊதுவதே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

கொடை விழா ஆர்க்கெஸ்ட்ராக்களிலும் இதே கதைதான். தபலா, டோலக், காங்கோ, ட்ரம்ஸ் என்று நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் ரிதம் பேடோடு ஒருவர். வயலின் வரிசை முழுக்க ஒரு கீபோர்டில். பிறகு அதுவும் போய், லேப்டாப்பில் ட்ராக் ஓட, பாடுகிறவர் மட்டும் மிச்சம். இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்தில் சீக்வென்சரைக் கொண்டுவந்தது 1986-இல், ரஹ்மானின் ‘ரோஜா’ 1992-இல். அந்த இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன், அதில் என்ன குறை இருக்கிறது? ஆனால் நம் இசை விமர்சனம் புதிய ஒலியைக் கொண்டாடியதில் பாதி அளவுகூட, மூட்டையைக் கட்டிக்கொண்டு போன வாத்தியக்காரர்களைப் பற்றி எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் சரண்ஜித் சிங்கை ‘ஆசிட் ஹவுஸ் முன்னோடி’ என்று மட்டும் நிறுத்தியிருக்க மாட்டோம். ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவர், அந்த ஆர்க்கெஸ்ட்ராவே கலைந்துபோவதற்கான கருவிகளை எடுத்து, தனக்கென்று ஒரே ஒரு முறை முழு ஆல்பம் முழுக்கப் பேசிப் பார்த்தார் என்பது இன்னும் பெரிய விஷயம். 2015-இல் இறப்பதற்கு முன் சில வருஷங்கள் ஐரோப்பிய மேடைகளில் அதை மறுபடி வாசித்தார், எழுபது தாண்டிய வயதில்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘தி மேன்-மெஷினு’க்குத் திரும்பினால் அது சின்னதாகிவிடவில்லை. எனக்கு அதன் சோகம் கூடுதலாகத்தான் கேட்கிறது. ‘தி ரோபோட்ஸ்’ பாட்டின் அந்தப் பணியாள் குரலில், முதலாளிக்குப் பிடித்த மாதிரியே பேசிப் பழகிவிட்ட ஒருவரின் பணிவு இருக்கிறது. அவர்கள் அதை நகைச்சுவையாகச் செய்திருக்கலாம், ஜெர்மன் நகைச்சுவை நமக்கு லேசில் பிடிபடாது. ஆனால் வோகோடர் வழியாக வரும்போதும் அந்தக் குரலின் கடைசியில் ஒரு சின்ன இழுவை மிஞ்சுகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால்தான் தெரியும்.

கோவில்பட்டிப் பக்கம் இப்போது முழு மிஷின் ஆபீஸ்கள் வந்துவிட்டன. குச்சி அடுக்க ஆள் வேண்டாம், மிஷினே வரிசையாகக் குத்தி, முக்கி, காயவைத்து, பெட்டியில் போட்டுவிடுகிறது. பெண்கள் குறைந்துவிட்டார்கள், இருக்கிறவர்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். பக்கத்து ஆளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். அதனால் பெரும்பாலும் சைகைதான்.